பழைய விமானத்தின் காலுக்கு எந்த ஆயில்?

போன சித்திரையில் சேலத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் படிப்பதற்காக அங்கே ஒரு பழைய பயிற்சி விமானத்தை ஷெட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் முன்கால், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, தணிந்து, மூக்கு தரையைப் பார்த்துத் தொங்குகிறதாம். "ஆயில் ஊத்திட்டா எந்திரிச்சுக்குங்களா சார்? எந்த ஆயில் வாங்கறதுங்க?" என்று ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டார். விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பராமரிப்பவனாக, 20 வருடம் இருந்தவன் நான். "உள்ளே என்ன ரப்பர் இருக்குதுன்னு பார்க்காம ஆயில் பேரைச் சொல்ல முடியாது தம்பி, நேர்ல வர்றேன்" என்றேன்.

பழைய விமானத்துக்கு ஆயில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் டப்பாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எது புதுசு, எது தீப்பிடிக்காது, எது மலிவு என்று. நான் சீலிலிருந்து, அதாவது ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பரிலிருந்து, தொடங்கச் சொல்வேன். ஒரு குடும்பத்து ஆயில் அதற்கென்று செய்த ரப்பரை ஒன்றும் செய்யாது; அடுத்த குடும்பத்து ரப்பரில் பட்டால் ஒரே வாரத்தில் ஊதவைத்துவிடும். இதை நான் விமானத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் கற்றுக்கொண்டேன்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டினார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஒருநாள் அடிவாரத்திலிருந்து ஏறும்போது பாதி வழியில் வண்டி இழுக்கவே இல்லை. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்து டிரம்மிலிருந்து புகை. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருந்தது. முந்தின நாள் மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. யாரோ கையிலிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். மேஸ்திரி பிரித்து ரப்பர் கப்பை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கொழகொழவென்று இருந்தது. உப்பின கப், ஆயில் திரும்பி வரும் சின்ன ஓட்டையை அடைத்துக்கொண்டதால் அழுத்தம் இறங்க வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நின்றுவிட்டது. கூடப் போயிருந்த எனக்கு அப்போது 12 வயது. பிறகு படைத் தொழிற்பயிற்சியில் ரப்பர் வகைகளைப் பற்றிப் பாடம் எடுத்தபோது என் மனதில் ஓடியது அந்தக் கப்தான்.

இப்போது விமானத்துக்கு வருவோம். ஓலியோ கால், அதாவது இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் சக்கரக் கால், என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். கீழே ஆயில், மேலே நைட்ரஜன். தரையைத் தொடும்போது உட்குழாய் மேலே ஏறுகிறது. ஆயில் ஒரு சிறு துளை வழியாகப் பீறிட்டுப் போகிறது. விழுந்த வேகம் அங்கே சூடாக மாறி அடங்குகிறது. விமானத்தைத் தாங்கி நிற்பது நைட்ரஜன், குதிக்காமல் பிடித்துவைப்பது ஆயில். இரண்டும் வெளியே போகாமல் காப்பது விரல் தடிமன்கூட இல்லாத சில ரப்பர் வளையங்கள். பழைய கால்களில் ஓரிங் என்ற உருண்டை ரப்பர் வளையத்துக்குப் பதிலாக 'வி' வடிவப் பேக்கிங் அடுக்கும், அதற்கு முட்டுக்கொடுக்கத் தோல் வளையமும் இருக்கும். தோல் வளையத்தைப் பார்த்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் காலில் எந்தக் காலத்து வடிவமைப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

முதல் குடும்பம் ஆமணக்கு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்த ஆமணக்கெண்ணெயோடு ஆல்கஹால் கலந்ததுதான் ஆரம்பகால விமானங்களின் ஹைட்ராலிக் ஆயில். அமெரிக்கக் குறியீடு மில்-எச்-7644, நிறம் நீலம். அதற்கு இயற்கை ரப்பர் சீல்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பிறந்த விமானமாக இருந்தால் இந்த வகையா என்று பார்த்தே ஆக வேண்டும். இயற்கை ரப்பர் உள்ள காலில் சிவப்பு மினரல் ஆயிலை ஊற்றினால் எங்கள் அப்பாவின் ஜீப் கதைதான். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காலை முழுக்கப் பிரித்து, ஆல்கஹாலால் கழுவி, ரப்பர் அத்தனையையும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பருக்கு மாற்றி, அந்த மாற்றத்துக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சிவப்பைத் தொடலாம்.

இரண்டாவது சிவப்பு மினரல் ஆயில், பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. மில்-எச்-5606 என்று உலகமே அறிந்தது. பிரிட்டிஷ் பழைய குறியீட்டில் டிடிடி 585. நாங்கள் படையில் சொன்னது ஓஎம்-15. ரஷ்ய விமானங்களோடு வந்தது ஏஎம்ஜி-10. பெயர் நாலானாலும் குடும்பம் ஒன்று. இதற்கு நைட்ரைல் ரப்பர். போருக்குப் பிறகு வந்த பழைய விமானங்களில் பெரும்பாலானவற்றின் கால்களில் இருப்பது இதுதான். கல்லூரி விமானத்தின் காலில் பெயிண்டை விரலால் தேய்த்துப் பார்த்தபோது தகட்டில் 'டிடிடி 585' என்ற எழுத்து தெரிந்தது. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

5606-க்கு இருக்கும் ஒரே பெரிய குறை தீ. அதன் ஃபிளாஷ் பாயின்ட்டுக்கான, அதாவது ஆவி தீப்பற்றத் தொடங்கும் சூட்டுக்கான, குறைந்தபட்ச அளவு 82 டிகிரி செல்சியஸ். சூடேறிய பிரேக் டிஸ்க் மேல் குழாய் வெடித்துப் பனிபோலத் தெறித்தால் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் செயற்கை ஹைட்ரோகார்பனில் 83282 என்ற எண்ணுள்ள ஆயில் வந்தது; அதற்கு ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 205 டிகிரி. அமெரிக்க விமானப்படை 1980-களில் 5606-ஐ விட்டு இதற்கு மாறியது. இதுவும் சிவப்பு, இதற்கும் நைட்ரைல் ரப்பரே. 5606-ஓடு கலந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் கலக்கக் கலக்கத் தீ தாங்கும் குணம் குறையும். பழையதைப் பாதி விட்டுவிட்டு மேலே இதை ஊற்றி "தீப்பிடிக்காத ஆயில் போட்டாச்சு" என்று நினைத்துக்கொள்வது ஆபத்து.

83282-ஐப் பற்றிச் சொல்லப்படும் குறை குளிரில் கெட்டியாவது. மைனஸ் 40 டிகிரியில் 5606-இன் பிசுபிசுப்புக்கு மேல்வரம்பு 600 சென்டிஸ்டோக், 83282-க்கு 2,200. வட துருவத்துப் பக்கம் பறக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நமக்கு? சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரம் ஓடுதளத்திலிருந்து 35 டிகிரி வெயிலில் கிளம்பி 10,000 அடிக்குப் போனால் வெளியே கிட்டத்தட்ட 15 டிகிரி இருக்கும். சேர்வராயன் மலை மேலே மார்கழி விடியற்காலையிலும் ஸ்வெட்டரோடு நின்றுவிடலாம். 40 டிகிரி சூட்டில் இரண்டு ஆயிலும் ஏறக்குறைய ஒரே பதம்தான்: குறைந்தபட்ச அளவு 5606-க்கு 13.2, 83282-க்கு 14. ஆகவே குளிரைக் காரணம் காட்டி 83282-ஐ ஒதுக்குவது நம்ம ஊருக்குப் பொருந்தாது. சேலத்து வெயிலில் நின்று, சூடான பிரேக்கோடு திரும்பி வரும் விமானத்துக்கு, கையேடு அனுமதித்தால், நான் 83282-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஒரு நிபந்தனை உண்டு. 20, 30 வருடம் 5606-இல் ஊறிய பழைய சீல் அந்த ஆயிலுக்கே பழகி, அதன் உப்பலில்தான் இடைவெளியை அடைத்து நிற்கும். புது ஆயில் வந்ததும் சிலசமயம் கசிய ஆரம்பிக்கும். எனக்கே ஒருதரம் அப்படி ஆகி, ஆயில்மேல் பழிபோட்டுவிட்டு, பிரித்துப் பார்த்தால் சீல் கட்டையாக இறுகியிருந்தது. ஆயில் குடும்பத்துக்குள்ளேயே மாறினாலும் அதே நாளில் சீல்களையும் மாற்றுங்கள்.

இவற்றோடு 87257 என்று இன்னொன்று, 83282-க்குக் குளிர் தாங்கும் தம்பி. ஃபிளாஷ் பாயின்ட் 160, மைனஸ் 54 வரை ஓடும். ஆனால் 40 டிகிரியில் அதன் குறைந்தபட்சப் பிசுபிசுப்பு 6.7 தான், மற்ற இரண்டில் பாதி. உட்குழாயின் மேல் பூசிய குரோம் தேய்ந்து, பழைய பள்ளங்களும் உள்ள காலில், சேலத்து மே மாதத்தில், இவ்வளவு நீர்த்த ஆயிலை நான் விடமாட்டேன்.

ஊதா நிற ஸ்கைட்ரோலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1940-களின் கடைசியில் டக்ளஸும் மான்சாண்டோவும் சேர்ந்து பயணிகள் விமானங்களுக்காகக் கொண்டுவந்த பாஸ்பேட் எஸ்டர் என்ற ரசாயன வகை ஆயில் அது. இன்றைய பெரிய ஜெட் விமானங்களில் ஓடுவதும் அந்தக் குடும்பமே. தீயைத் தாங்குவதில் சிறந்தது. ஆனால் நைட்ரைலைத் தின்றுவிடும், பெயிண்டை உரித்துவிடும், கண்ணில் பட்டால் துடித்துப்போவீர்கள். 'ஜெட்டில் போடுகிற ஆயில்' என்ற மதிப்பில் பழைய காலுக்குள் இதை ஊற்றினால் அந்தக் காலின் ரப்பர் அத்தனையும் போச்சு.

ஆட்டோமொபைல் கடையில் கிடைப்பவை? டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் (glycol) என்ற ரசாயன வகை. ஏற்காடு இறங்கும் வண்டிக்கு டாட் 4 நல்லது. கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் இழுத்த பிறகும் 155 இருக்கும். ஆனால் அது வேறு குடும்பம், வேறு ரப்பர். சிவப்பு நிறத்தை நம்பி ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நிறம் சாயம்தான் ஐயா. இரண்டும் சிவப்பு என்பதால் மருதாணியும் குங்குமமும் ஒன்றாகிவிடுமா?

கல்லூரி விமானத்தில் நடந்ததும் இதைப் போன்றதே. தகட்டில் டிடிடி 585 என்று இருந்தும், முன்காலில் வடிந்த ஆயில் சிவப்பாக இல்லை. தேன் நிறத்தில், விரலில் ஒட்டி, பிரேக் ஆயிலுக்கே உரிய வாடையோடு இருந்தது. முன்பு எப்போதோ யாரோ ஊற்றியிருக்கிறார்கள். யாரென்று தேடுவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் சீல் அசலா, இல்லை அதையும் யாராவது கடை ரப்பரால் மாற்றினார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கறுப்பு ஓரிங் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். நைட்ரைலும் கறுப்பு, பிரேக் ஆயிலுக்கான ஈபிடிஎம் என்ற ரப்பரும் கறுப்பு. வளையத்தின் மேல் வண்ணப்புள்ளி வைப்பது பழைய வழக்கம். ஆனால் புள்ளி அழியும், அதை நம்பக்கூடாது. பாக்கெட்டில் அச்சடித்த பாகத்தின் எண்ணும், எந்த ஆண்டு எந்தக் காலாண்டில் ரப்பர் பதப்பட்டது என்ற தேதியும்தான் சாட்சி. 5606-க்கான நைட்ரைல் ஓரிங்குக்கு அமெரிக்க எண் எம்எஸ் 28775. பாக்கெட் இல்லாத, கொக்கியில் தொங்கும் ஓரிங்கை விமானத்துக்கு வாங்காதீர்கள்.

எங்களிடம் பாக்கெட் எங்கே இருக்கிறது? அதனால் நான்கு ஊறுகாய் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தோம். காலிலிருந்து எடுத்த பழைய வளையத்தைத் துண்டு போட்டோம். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் நைட்ரைல் என்று சொல்லி ஒன்றும், ஈபிடிஎம் என்று சொல்லி ஒன்றும் வாங்கி அவற்றையும் துண்டாக்கினோம். இரண்டு பாட்டிலில் 5606, இரண்டு பாட்டிலில் பிரேக் ஆயில். ஒவ்வொரு துண்டையும் வெர்னியரில் அளந்து, நோட்டில் எழுதி, நூலில் கட்டித் தொங்கவிட்டோம். புதுத் துண்டுகளின் தடிமன் 5.33 மில்லிமீட்டர். ஷெட்டின் வெயிலில் 7 நாள்.

எட்டாம் நாள் மாணவர்கள் சுற்றி நிற்க, ஒவ்வொன்றாக எடுத்து டிஷ்யூவில் துடைத்தோம். 5606-இல் கிடந்த ஈபிடிஎம் துண்டு 6.5-க்கு மேல் போய், நகம் பட்டால் பிய்ந்தது. அதே ஆயிலில் நைட்ரைல் லேசாகத் தடித்ததோடு சரி. பிரேக் ஆயிலில் கதை தலைகீழ்: ஈபிடிஎம் அப்படியே இருந்தது, நைட்ரைல் தளர்ந்து ஊதியிருந்தது. காலிலிருந்து எடுத்த பழைய துண்டு இரண்டிலும் நைட்ரைலைப் போலவே நடந்துகொண்டது. அசல் சீல்தான். பிரேக் ஆயில் அதைக் கெடுத்திருக்கிறது. ஒரு மாணவி பிய்ந்த துண்டை நோட்டில் ஒட்டி அடியில் தேதி போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கத்தை அவள் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

இந்தப் பாட்டில் பரிசோதனை ரப்பர் எந்தக் குடும்பம் என்று காட்டும். பறக்கிற காலுக்குள் போடத் தகுதியானதா என்று காட்டாது. பறக்கும் பழைய விமானம், அதாவது 2018-இல் விமானப்படையில் சேர்ந்த பரசுராமா என்ற பழைய டகோட்டா விமானத்தைப் போன்றது என்றால், ஆயிலையும் சீலையும் முடிவுசெய்வது அந்த வகையின் கையேடும், கையெழுத்துப் போடும் உரிமம் பெற்ற பொறியாளரும்தான். என் விருப்பமெல்லாம் அவர் அனுமதித்த பட்டியலுக்குள்ளே மட்டும்.

பறக்காமல் நிற்கும் விமானத்துக்குக் கணக்கு மாறுகிறது. அங்கே எதிரி தீ அல்ல, துரு. காலின் குரோம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் மழைக்கால ஈரம் ஊசிமுனைப் பள்ளங்களைத் தோண்டும். பிறகு எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளம் அறுத்துவிடும். இதற்கென்றே 5606-இன் குடும்பத்தில் துருத்தடுப்பு சேர்த்த 6083 இருக்கிறது, சேமித்து வைக்கும் பாகங்களுக்கானது. பறக்கும் முன்பு அதை வடித்துவிட வேண்டும் என்பதால் பறக்கும் விமானக்காரர்கள் அதை விரும்பமாட்டார்கள். நிற்கும் விமானத்துக்கு அதுவே என் முதல் தேர்வு. ஆனால் விசாரித்தபோது எங்களுக்கு வேண்டிய கொஞ்சத்துக்கு யாரும் தரவில்லை, டிரம்மாகத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். 5606 மட்டும் 946 மில்லி டப்பாவாகக் கிடைத்தது. பாதி டிரம்மைத் திறந்து தூசியில் வைப்பதைவிட, சீல் உடையாத சின்ன டப்பாக்களே மேல் என்று அதையே எடுத்தோம். துருத்தடுப்பு இல்லாத குறையை வேலையால் ஈடுகட்ட வேண்டும்: மாதம் ஒருமுறை காலை அமுக்கி நீட்டுவது, வெளியே தெரியும் குரோமை அதே ஆயிலில் நனைத்த துணியால் துடைப்பது. திறந்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த மாதத்துக்கு வைக்கக்கூடாது என்றும் சொன்னேன். "வீணாப் போகுதுங்களே சார்" என்றார் அந்தத் தம்பி. குரோம் போட்ட ஒரு குழாயின் விலையை யோசித்துப் பாருங்கள் என்றேன்.

வேலை நாளில் முதலில் விமானத்தை ஜாக்கில் தூக்கினோம். வால்வு வழியாக நைட்ரஜன் கடைசி மூச்சு வரை போகட்டும் என்று காத்திருந்தோம். இதில் அவசரப்பட்டவர்களின் கதைகள் நான் நேரில் அறிந்தவை; அழுத்தம் இருக்கும்போது மூடியைக் கழற்றினால் அது தோட்டாவாகப் பறக்கும். பிறகு பிரித்து, பிரேக் ஆயில் ஒரு சொட்டும் மிஞ்சாமல் கழுவி, நைட்ரைல் சீல்களைப் புது 5606-இல் முக்கிப் பூட்டினோம். காலை முழுக்க அமுக்கிவைத்து, நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஆயில், மெதுவாக நீட்டி அமுக்கிக் குமிழி நிற்கும் வரை மறுபடி ஆயில். கடைசியில் நைட்ரஜன். டயர் கடை கம்ப்ரசர் காற்று வேண்டாம். அதில் ஈரமும் ஆக்சிஜனும் இருக்கிறது, ஆயில் பனியோடு சேர்ந்தால் வெடிக்கவும் கூடும்.

ஜாக்கை இறக்கியதும் விமானம் தன் பாரத்தைக் காலில் வைத்தது. மூக்கு நிமிர்ந்தது. மாணவி ஸ்கேலை வைத்துப் பளபளக்கும் குரோமை அளந்தாள். கையேடு சொன்ன அளவுக்கு 3 மில்லிமீட்டர் குறைவு. கொஞ்சம் நைட்ரஜன் ஏற்றி, இறக்கையைப் பிடித்து ஆட்டிவிட்டு மறுபடி அளந்தோம். சரியாக வந்தது. அன்றைக்கு வைத்த பென்சில் கோடு தகட்டின் பக்கத்தில் இருக்கிறது. புரட்டாசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதும் குரோம் அந்தக் கோட்டிலேயே நின்றது.